நின்றவூரில் எழுந்த நெஞ்சக் கோயில்



கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தவாரி ஈறாகப் பெருவிழா நிகழும் நாள்களில் நம் கண்ணுக்கும் செவிக்கும் ஓய்வு என்பதே இல்லை. காலையில் அபிடேகம், மாலையில் வாகனக் காட்சி, இடையிடையே நாதசுர இன்னிசை, ஓதுவார்களின் திருமுறைப் பண்ணிசை என இறைவனது அருட்பொலிவை ஆர நுகர்கின்றோம். விழா முடிந்து கொடி இறங்குகின்றது. பந்தல் பிரிக்கப்படுகின்றது, தேர் நிலையில் நிற்கின்றது, வீதி பழைய வீதியாகின்றது. அப்போது நம் உள்ளத்தே எஞ்சி நிற்பது யாது? நம் அறிவு சிறிதேனும் விளங்கிற்றா, அன்பு சிறிதேனும் உறுதிப்பட்டதா? விழாவுக்கு வந்த ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

சொற்பொழிவின் பொருட்டு நாம் செல்லும் ஊர்களில் அன்பர்கள் நம்மிடம் வினவுவன பல. அவற்றுள் இரண்டு மீண்டும் மீண்டும் வருவன. ஒன்று, வறியவர் வினா: "திருப்பணிக்குப் பெருந்தொகை கொடுத்தவர் பெயரெல்லாம் கல்லில் வெட்டப்படுகின்றன, கொடுக்க ஒன்றுமில்லாத எம் போன்றோர் பக்தி குறைந்ததோ?" என்பது. மற்றொன்று, கற்றவர் சிலர் வினா: "இறைவன் நெஞ்சிலே இருக்கின்றான் என்று நீங்களே கூறுகின்றீர்கள், அங்ஙனமாயின் கோயிலுக்கு ஏன் வரவேண்டும்?" என்பது. முதல் வினாவில் துயரம் இருக்கின்றது. இரண்டாம் வினாவில் சிறிது சோம்பலும் கலந்திருக்கின்றது. இவ்விரண்டிற்கும் ஒருங்கே விடை கூறுவது பூசலார் நாயனார் வரலாறு. ஆதலின் இன்று அவ்வரலாற்றை, அது நிகழ்ந்த காலத்தோடும் இடத்தோடும் வைத்துச் சிந்திப்போம்.

கல்லில் கோயில் கண்ட காலம்

பல்லவர்கள் காஞ்சிமாநகரைத் தலைநகராகக் கொண்டு தொண்டை நாட்டை ஆண்டனர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு செலுத்திய முதலாம் மகேந்திரவர்மன் மலைப்பாறைகளைக் குடைந்து கோயில்கள் அமைத்தான். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலே அவன் குடைவித்த கோயிலில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. செங்கல் இல்லாமலும், மரம் இல்லாமலும், உலோகம் இல்லாமலும், சுதை இல்லாமலும் மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலைத் தான் எடுப்பித்ததாக அதில் அவன் பெருமிதத்தோடு தெரிவிக்கின்றான். அதுவரை மக்கள் கண்ட கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. மழையிலும் நெருப்பிலும் அழியக்கூடியவை. அழியாத ஒன்றை இறைவனுக்கு ஆக்கித் தரவேண்டும் என்னும் வேட்கை அரசர்களுக்கு எழுந்தது என்று இதனால் அறிகின்றோம்.

அவ்வேட்கை முற்றி முதிர்ந்தது இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில். 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட இவனை இராசசிம்மன் என்று வரலாறு போற்றும். மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும், காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலையும் எடுப்பித்தவன் இவனே. பாறையைக் குடையும் முறையோடு நில்லாது, கல்லை வெட்டி அடுக்கிக் கட்டும் கற்றளி முறையை இவன் பெருமளவில் மேற்கொண்டான். கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றைச் சூழ 58 சிறு சன்னதிகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின்மீது இவ்வரசனுடைய விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆகமப்பிரியன், சங்கரபக்தன், சிவசூடாமணி என்பன அவற்றுட் சில. போர்வெற்றி குறித்த பெயர்களும் உள்ளன. எனினும் சிவபெருமானுக்கு அடியவன் என்பதிலே அவன் கொண்ட பெருமை அப்பெயர்களிலே விளங்குகின்றது. அவன் தேவியாகிய அரங்கபதாகையும் அங்கே ஒரு சிறு கோயில் எடுப்பித்தாள். அரசன் பொருளும், சிற்பியர் கைத்திறனும், ஆகம அறிவும் ஒருங்கு கூடிய திருப்பணி அது. அதன் பெருமையை நாம் ஒருகாலும் குறைத்துப் பேசுதல் ஆகாது.

பொருள் கிட்டாத தொண்டர்

இவ்வாறு அரசர் கோயில் எடுத்த தொண்டை நாட்டிலேதான் திருநின்றவூர் உள்ளது. இன்று சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அவ்வூரைக் காணலாம். அவ்வூரில் மறையவர் குலத்தில் தோன்றியவர் பூசலார். சேக்கிழார் பெருமான் இவரை நமக்கு அறிமுகம் செய்யும் முறையை உற்று நோக்குதல் வேண்டும். இவர் வேதநெறியை முறைப்படி கற்றவர். சிவபிரானிடத்து அன்பு பெருக வாழ்ந்தவர். அடியார்களுக்கு வேண்டுவனவற்றை எவ்வாறேனும் தேடிக் கொடுத்து வந்தவர். கோயில் கட்டும் எண்ணம் இவருக்குத் திடீரென்று தோன்றியதன்று. கல்வி முன்னர் வந்தது. அன்பு உடன் வளர்ந்தது. அடியார் பணி அவ்விரண்டையும் உறுதிப்படுத்தியது. அதன் பின்னரே இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுக்க வேண்டும் என்னும் பெருவிருப்பம் எழுந்தது.

அவ்விருப்பம் எழுந்தவுடன் அவர் செய்தது யாது? "நெஞ்சிலே கட்டிக்கொள்வோம்" என்று அவர் அமர்ந்துவிடவில்லை. பொருள் தேடிப் புறப்பட்டார். பல இடங்களிலும் வருந்தித் தேடினார். சிறிதளவு பொருளும் கிட்டவில்லை. இனி என் செய்வேன் என்று நைந்தார். இரண்டாம் வினாவைக் கேட்கும் அன்பர்கள் இவ்விடத்தைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். புறத்தே செய்யக்கூடிய முயற்சி அனைத்தையும் செய்து, அது கைகூடாத நிலையிலேதான் பூசலார் அகத்தே திரும்பினார். கையில் இருப்பதைக் கொடுக்க மனமில்லாதவனும், காலிருந்தும் கோயிலுக்கு நடக்காதவனும் அவரைத் தமக்குச் சான்று காட்டுதல் பொருந்தாது.

மனத்தில் நடந்த திருப்பணி

அகத்தே திரும்பியவர் அங்கே செய்தது வெறுங் கற்பனையா? சேக்கிழார் பெருமான் ஒரு திருப்பணிக் கணக்கைப் போலவே அதனைப் படிப்படியாக எடுத்துரைக்கின்றார். முதலில் நினைவினாலேயே பெரும்பொருளைச் சேர்த்தார். பின்னர்த் தச்சரையும் வேண்டும் பொருள்களையும் நினைவிலே கூட்டினார். நல்ல நாள் பார்த்தார். ஆகமம் கூறும் முறைப்படி அடிநிலை இட்டார். அடித்தளம் முதல் சிகரம் வரையில் முழ அளவு வழுவாமல் கட்டினார். தூபி நட்டார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், திருக்குளமும் கண்டார். இவை ஒரு நாளிலோ ஒரு திங்களிலோ முடிந்தவை அல்ல, நெடுநாள் எடுத்தன. இரவிலும் கண் துயிலாது காதலோடு அவர் அப்பணியைச் செய்தார் என்று புராணம் கூறுகின்றது.

இங்கே சிறிது நின்று எண்ணிப் பார்ப்போம். நினைவினால் கட்டுபவருக்குக் கல் தட்டுப்பாடு இல்லை. கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நொடியில் ஆயிரம் நிலை மாடங்களை எழுப்பிவிடலாம். யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. அப்படியிருக்கப் பூசலார் நாள் பார்த்தது எதற்கு? முழக்கோல் கொண்டு அளந்தது எதற்கு? பூசிய சுதை உலருமளவும் காத்திருந்தது எதற்கு? நெஞ்சிலே செய்யும் பணிக்கும் விதி உண்டு, அளவு உண்டு, பொறுமை உண்டு என்பதனை அறிந்தவர் அவர். அறிவின்றி எழும் அன்பு ஓர் அலைபோல் எழுந்து தணிந்துவிடும். அன்பின்றிக் கற்ற அறிவு ஏட்டுச் சுரைக்காயாய் நிற்கும். பூசலார் கோயிலுக்கு ஆகம அறிவு அளவுகோல் ஆயிற்று. துயிலாத காதல் கல்லும் சுதையும் ஆயிற்று. இரண்டும் கூடியதனால் அக்கோயில் நிலைத்தது.

மண்டகப்பட்டிலே மகேந்திரவர்மன் நான்கு பொருள்களை விலக்கிக் கோயில் கண்டான் என்றோம். அவனுக்கும் பாறை வேண்டியிருந்தது. பூசலாரோ அப்பாறையும் இன்றிக் கோயில் கண்டார்.

இரு குடமுழுக்குகள்

காஞ்சியில் கல்லாலே ஆலயம் எடுத்து முடித்த காடவர் வேந்தன் இறைவனைத் தாபிக்கும் நாளைக் குறித்தான். சேக்கிழார் இவ்வேந்தன் பெயரை எடுத்துக் கூறவில்லை. இவன் இராசசிம்மனே என்பது வரலாற்று ஆய்வாளர் பலரின் கருத்து. அவன் குறித்த நாளும் பூசலார் தம் உள்ளக் கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாகவே அமைந்தன. முதல் நாள் இரவு இறைவன் வேந்தன் கனவில் தோன்றினான். நின்றவூர்ப் பூசலார் நெடுநாள் நினைந்து நினைந்து எடுத்த ஆலயத்தினுள் மறுநாள் தான் புகவிருப்பதாகவும், வேந்தன் தன் விழாவைப் பிறிதொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறும் பணித்து மறைந்தான்.

அரசன் விழித்தெழுந்தான். பல்லாண்டு பொருள் செலவிட்டு எடுத்த கோயில். நாடெங்கும் அறிவித்த நாள். அதனைத் தள்ளிவைக்கச் சொன்னால் அரசனாயிருப்பவன் மனம் எவ்வாறு இருந்திருக்கும்? சினமோ நாணமோ எழுந்திருக்கலாம். அவனுக்கு எழுந்ததோ அத்தொண்டரைக் கண்டு வணங்கும் விருப்பம். உடனே திருநின்றவூருக்குச் சென்றான். பூசலார் எடுத்த கோயில் எங்கே உளது என்று வினவினான். அப்படியொரு கோயில் இங்கே எவரும் கட்டவில்லை என்றனர் ஊரார். மறையவர்களை வருவித்துப் பூசலார் யாவர் என்று கேட்டான். குற்றமற்ற வேதியர், இவ்வூரினர் என்று அவர்கள் கூறினர். அவரை அழைத்துவர முற்பட்டபோது அரசன் அதற்கு உடன்படாமல் தானே அவர்பால் நடந்து சென்றான்.

அரசன் கூறியதைக் கேட்ட பூசலார் திகைத்தார். "என்னையும் ஒரு பொருளாக எண்ணி இறைவன் அருளினானோ!" என்னும் வியப்பே அவருக்கு உண்டாயிற்று. பொருள் கிட்டாமையால் மனத்திலே எடுத்த கோயில் இது என்று உள்ளவாறே கூறினார். அரசன் நிலமுற வீழ்ந்து வணங்கித் தன் நகருக்கு மீண்டான். பூசலாரோ தாம் குறித்த நல்வேளையில் இறைவனைத் தம் நெஞ்சில் தாபித்து, பூசைகளை முறையே பலநாள் இயற்றி, இறுதியில் திருவடி நீழல் அடைந்தார்.

முதல் வினாவைக் கேட்ட வறிய அன்பர்களுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. ஊரார் அறியாத திருப்பணியை இறைவன் அறிந்தான். எந்தக் கல்லிலும் வெட்டப்படாத பெயரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் பாடினார். இன்றும் ஐப்பசி அனுட நாளில் அவர் குருபூசை நிகழ்கின்றது. ஊர் தம்மை அறியவில்லையே என்று பூசலார் வருந்தியதாகப் புராணத்தில் ஒரு குறிப்பும் இல்லை என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். தம் பெயர் வெளிப்படவேண்டும் என்னும் எண்ணம் உள்ளே இருந்திருப்பின், அக்கோயிலில் இறைவனுக்கு இடம் குறைந்திருக்கும்.

கல்வெட்டு கூறும் செய்தி

இவ்வரலாற்றைப் பிற்காலப் புனைவு என்று கருதுவோரும் உளர். அவர்கள் கருத்துக்கு ஒரு செய்தியை வைக்கின்றோம். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று, 1890ஆம் ஆண்டில் ஹுல்ஷ் என்னும் அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளிவந்தது. முன்னை யுகங்களில் துடியந்தன் முதலிய மன்னர்கள் வானொலி கேட்டது இயல்பே. நற்குணங்கள் அகன்றுபோன இக்கலியுகத்தில் இவ்வரசனும் அவ்வொலியைக் கேட்டானே, இஃது என்ன வியப்பு என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. இறைவன் வாக்கைக் கேட்டவன் என்னும் புகழை அவ்வரசன் காலத்திலேயே கல்லில் பொறித்தனர் என்பது இதனால் தெளிவு. அக்கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை. எனினும் அறிஞர் பலர் இதனைப் பூசலார் வரலாற்றோடு பொருத்திக் காண்கின்றனர். சற்றேறக்குறைய 400 ஆண்டுகளுக்குப் பின்னர், 12ஆம் நூற்றாண்டில், தொண்டை நாட்டுக் குன்றத்தூரிலே தோன்றிய சேக்கிழார் தம் நாட்டு வரலாற்றைப் பாடுகின்றார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவரே குன்றத்தூரில் நாகேச்சரம் என்னும் திருக்கோயிலை எடுப்பித்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. கல்லில் கோயில் கட்டியவரே மனக்கோயிலையும் போற்றிப் பாடினார் என்க.

அகப்பூசையும் புறப்பூசையும்

நெஞ்சில் இறைவனை வழிபடும் இம்முறை பூசலாரோடு தோன்றியதன்று. சிவபூசை விதியை அறிந்தோர் அந்தரியாகம் என்பதனை அறிவர். புறத்தே இலிங்கத் திருமேனியில் பூசை செய்யப் புகுமுன், பூசிப்பவன் தன் இதயத்தில் இறைவனை இருத்திப் பூசித்து, நாபியில் வேள்வி செய்து, புருவ நடுவில் தியானித்தல் வேண்டும் என்பது முறை. ஒவ்வொரு நாளும் நம் கோயில்களில் புறப்பூசைக்கு முன் அகப்பூசை நிகழவேண்டும் என்று ஆகமம் வைத்த வைப்பு எத்துணை நுட்பமானது! உள்ளே விளக்கேற்றிய கையே வெளியே விளக்கேற்றத் தகுதி பெறுகின்றது.

மயிலாப்பூரில் வாழ்ந்த வாயிலார் நாயனாரும் இந்நெறி நின்றவரே. இறைவனை ஒருபோதும் மறவாத நினைவையே அவர் கோயிலாக்கினார், உணர்வை விளக்காக்கினார், ஆனந்தத்தைத் திருமஞ்சன நீராக்கினார், அன்பைத் திருவமுதாக்கினார். நினைவில்லையேல் விளக்கு வைக்க இடமில்லை. உணர்வு என்னும் விளக்கில்லையேல் அமுது படைப்பது இருளிலே. உள்ளத்து அறிவும் அன்பும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்வன என்று வாயிலார் பூசையும் காட்டுகின்றது.

அங்ஙனமாயின் கோயில் எதற்கு என்னும் இரண்டாம் வினாவுக்கு மெய்கண்ட தேவநாயனார் தீர்ந்த விடை தந்துள்ளார். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய அவர், பன்னிரண்டு சூத்திரங்களால் சிவஞானபோதத்தை அருளினார். அதன் ஒன்பதாம் சூத்திரம், இறைவனை ஞானக்கண் கொண்டு தன் சிந்தையிலே நாடுமாறும், திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுமாறும் பணிக்கின்றது. அகத்தே நாடிக் கண்ட பின் நூல் அங்கேயே முடிந்துவிடவில்லை. இறுதியாகிய பன்னிரண்டாம் சூத்திரம், மயக்கம் நீங்கி அன்பு மிக்க அடியாரது திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுமாறு கூறுகின்றது. ஞானம் வாய்த்தவனுக்கும் அடியார் கூட்டமும் திருக்கோயிலும் வேண்டும் என்பது நம் சித்தாந்தத்தின் முடிந்த முடிபு. கோயில் வேண்டா என்னும் ஞானம் இந்நூல்நெறிக்கு ஒத்ததன்று.

நாம் கட்டவேண்டிய கோயில்

அன்பர்களே, திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் திருக்கோயில் கல்லிலே விளங்குகின்றது. இதய நோயுற்றோர் அங்கே சென்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மனத்தில் எழுந்த கோயில் பின்னர் மண்ணிலும் எழுந்து, பிறர் துயர் தீர வேண்டிக்கொள்ளும் இடமாயிற்று.

நாமும் நம் உள்ளத்தே திருப்பணி தொடங்குவோம். அதற்கு இவ்விழா நாளைவிட நல்ல நாள் வேறில்லை. பூசலாரைப் போல அடிநிலையிலிருந்து தொடங்குதல் வேண்டும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நம் ஆசிரியர்கள் வகுத்த நான்கு படிகளில் கேட்டலே முதற்கல். இங்கே கேட்ட ஒரு செய்தியை வீட்டிற்குச் சென்றதும் மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போதே உங்களுக்கு அது சிந்தனையாகும். நாள்தோறும் ஒரு திருப்பதிகத்தைப் பொருளறிந்து ஓதுங்கள். படுக்குமுன் சிறிது நேரம் கண்மூடி, இன்று கண்ட மூலவரின் திருவுருவை அடிமுதல் முடிவரை நினைவிலே காணுங்கள். முதல் நாள் உருவம் நில்லாது ஓடும். மனம் கடைத்தெருவுக்கும் கடன்காரனிடத்துக்கும் போய்வரும். அதனால் சோர்வு கொள்ளற்க. பூசலார் கோயிலும் நெடுநாள் எடுத்ததே. ஒரு நாளுக்கு ஒரு கல் ஏறினால் போதும்.

முதுமையாலோ நோயாலோ கோயிலுக்கு வர இயலாது வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உளர். தேர் வீதியில் செல்லும் ஓசை செவியில் விழ, எழுந்து வரமுடியாமல் கண்ணீர் மல்குவோர் அவர்கள். விழாப் பிரசாதத்தோடு பூசலார் வரலாற்றையும் அவர்களிடம் கொண்டு சேர்ப்பது நம் கடமை. ஐம்பது ஆண்டுகள் நாள் தவறாமல் கண்டு கும்பிட்ட சன்னதி அவர்கள் நினைவிலே அப்படியே இருக்கின்றது. வாயில் எது, நந்தி எது, விளக்கு எது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கோயில் முன்னரே கட்டி முடிந்தது. உள்ளே சென்று அமர்ந்து வழிபடலாம் என்று யாரேனும் ஒருவர் அருகிருந்து எடுத்துச் சொன்னால் போதும்.

இளையோர்க்கும் ஒரு சொல். முதுமையில் நினைவிற் காண வேண்டிய கோயிலை இளமையிலேயே கால்கொண்டு நடந்து, கண்கொண்டு பார்த்துச் சேர்த்து வைத்தல் வேண்டும். இன்று வலம்வரும் திருச்சுற்றே நாளை நெஞ்சினுள் எழும் மதிலாகும்.

காஞ்சிக் கற்றளியையும் நின்றவூர் நெஞ்சக் கோயிலையும் ஒருங்கே ஏற்றருளிய பெருமான், நாம் ஒவ்வொருவரும் தொடங்கும் சிறு திருப்பணியையும் ஏற்று, அறிவும் அன்பும் நம்முள் வளர அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.